ஐ சஸ்பெக்ட் என்று எழுதியவர் என்னைச் சந்தேகப்படவில்லை

2005ஆம் ஆண்டு. சுனாமி வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். அப்போது திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் இயங்கிய ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்துகொண்டிருந்தேன். வள்ளம் இழந்த மீனவர்களின் பெயர்ப்பட்டியல் தயாரிப்பது என் பொறுப்பு. கரை கரையாகப் போய், வாடி வாடியாக உட்கார்ந்து, அடையாள அட்டை இலக்கம் என்ன, எந்தச் சங்கத்தில் அங்கத்தவர், வள்ளம் மரமா பைபரா, இயந்திரம் இருந்ததா, வலை எத்தனை போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதி, இரவில் கண் எரிய எரிய கணினியில் ஏற்றிய பட்டியல் அது. அந்த நாட்களில் பட்டியல் என்ற சொல்லுக்கே ஊரில் ஒரு மரியாதையும் ஒரு பயமும் இருந்தது. யாருடைய பெயர் ஏறியது, யாருடையது விடுபட்டது, எழுதினவர் யாருக்கு என்ன முறை என்று தேத்தண்ணிக் கடைகளில் கதை அடிபடும். அதனால் ஒரு எழுத்துப் பிசகக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

ஒரு காலை என் மேலதிகாரியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் இங்கிலாந்துக்காரர், ஐம்பது வயது தாண்டிய அம்மா. மொத்தம் நாலு வரி. முதல் வரி இப்படித் தொடங்கியது: ‘ஐ சஸ்பெக்ட் சம் நேம்ஸ் ஆர் ஆன் த லிஸ்ட் ட்வைஸ்.’ நான் முதல் இரண்டு சொல்லைத்தான் படித்தேன். மற்றதெல்லாம் கண்ணில் பட்டும் மனதில் ஏறவில்லை. சஸ்பெக்ட். என்னைச் சந்தேகப்படுகிறார். கள்ளப் பெயர் போட்டேன் என்று நினைக்கிறார்.

மத்தியானம் சாப்பிடவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். ‘உன்னைக் கள்ளி எண்டா சொன்னவா?’ என்று அம்மா கேட்ட கேள்வியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து விலகல் கடிதம் எழுதி, பின்னேரம் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். முகம் சிவந்து போனது. எழும்பி வந்து கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் எழுதியது எதுவும் என்னைப் பற்றியதல்ல என்று மெதுவாக விளக்கினார். அவர் சொல்ல வந்ததெல்லாம் இவ்வளவுதான்: ‘சில பெயர் இரண்டு தரம் வந்திருக்கும்போலத் தெரிகிறது, நேரம் கிடைக்கும்போது ஒருக்கால் பாருங்கள்.’

கடிதத்தை நான் திருப்பி எடுத்துக்கொண்டேன். ஆனால் அந்தச் சொல் போகவில்லை, இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறது. இப்போது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் முழுசாக ஒரு பின்னேரத்தை ஒதுக்குகிறேன்.

சஸ்பெக்ட் என்ற சொல்லை வினையாகச் சொல்லும்போது ஆங்கிலேயருக்கு அதில் இரண்டு பாரம் உண்டு. ஆளைப் போட்டுச் சொன்னால், அதாவது இன்னாரைச் சஸ்பெக்ட் பண்ணுகிறேன் என்றால், அது நாம் நினைக்கிற கனமான சந்தேகம். அதற்குப் பின்னால் குற்றத்தைச் சொல்ல ‘ஒஃப்’ வரும். திருடியதாகச் சந்தேகம் என்றால் ‘சஸ்பெக்ட் ஹிம் ஒஃப் ஸ்டீலிங்’. நம்முடைய பிள்ளைகள் அந்த இடத்தில் ‘ஃபோர்’ போடுவார்கள், அது பிழை. ஆனால் ஆளைப் போடாமல், ‘ஐ சஸ்பெக்ட்’ என்று சொல்லி அதற்குப் பின்னால் முழு வசனம் ஒன்றை வைத்தால், பாரம் பாதியாகக் குறைந்துவிடும். அப்போது அது ‘என்று நினைக்கிறேன்’ என்பதற்கு மிகப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கையில் ஆதாரம் இல்லை, ஆனாலும் இப்படித்தான் இருக்கும் என்று உள்மனம் சொல்கிறது என்ற அளவு. பஸ் பிந்தும்போல, சாவியை வீட்டில் விட்டுவிட்டேன்போல, இந்தக் கறிக்கு உப்புக் காணாதுபோல. இதற்கெல்லாம் அவர்கள் அந்தச் சொல்லைத்தான் எடுப்பார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்காக அல்ல. பெரும்பாலும் மரியாதைக்காக, அடித்துச் சொல்லாமல் கொஞ்சம் இறக்கிச் சொல்வதற்காக.

இதற்கு நம்மிடம் சொல் இல்லையா என்றால், இருக்கிறது, நல்ல அழகான சொல்லாகவே இருக்கிறது. ‘மழை வரும்போலக் கிடக்கு.’ இந்தப் ‘போலக் கிடக்கு’தான் என் மேலதிகாரி எழுதிய சஸ்பெக்ட். அகராதியைத் திறந்தால் சந்தேகி, ஐயுறு, ஐயங்கொள் என்றுதான் போட்டிருக்கும். அந்த மூன்றில் எதை வைத்து அவருடைய மின்னஞ்சலை மொழிபெயர்த்தாலும் நான் எழுதிய விலகல் கடிதம்தான் வந்து நிற்கும்.

அப்புறம் டவுட். இது இன்னொரு சிக்கல், இதில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். ‘ரீச்சர், எனக்கொரு டவுட்’ என்று கை தூக்குவது ஒரு கேள்வி என்ற அர்த்தத்தில். அது தெற்காசிய ஆங்கிலத்தில் ஊறிப்போன வழக்கு, அதோடு எனக்குச் சண்டை இல்லை. வினையாக வரும்போதுதான் வில்லங்கம். பக்கத்து வீட்டுக்காரர் கோழியைத் திருடியிருப்பார் என்று எழுத வந்த பிள்ளை ‘ஐ டவுட் மை நெய்பர் ஸ்டோல் த ஹென்’ என்று எழுதிவிட்டுப் போகிறது. ஆங்கிலத்தில் அதன் பொருள் அயலவர் திருடியிருப்பார் என்று நான் நம்பவில்லை என்பது. குற்றஞ்சாட்ட வந்த வசனம் ஆளை விடுதலை செய்துவிட்டது. டவுட் என்றால் இல்லை என்ற பக்கம் சாய்வது, சஸ்பெக்ட் என்றால் ஆம் என்ற பக்கம் சாய்வது. இவ்வளவுதான் விதி. ஆனால் ஸ்கொட்லாந்துக்காரர் பேச்சில் டவுட் என்பதை ஆம் என்ற பக்கம் சாய்த்துச் சொல்கிற பழைய வழக்கு இன்னும் இருக்கிறது. மழை வரப்போகிறது என்று அஞ்சினால் அவர்கள் ‘ஐ டவுட்’ என்பார்கள். பழைய ஆங்கிலப் பேச்சில் டவுட் என்பதற்கு அஞ்சுதல் என்றும் பொருள் இருந்தது. ஆகவே நம்முடைய பிள்ளைகள் வழிதவறிப் போய் நிற்கிற இடம் யாரும் போகாத இடமல்ல.

ஏன் நமக்கு மட்டும் இவ்வளவு குழப்பம் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். தமிழில் இரண்டுக்கும் சந்தேகம் என்ற ஒரே சொல்தான், அதனால்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு அம்மா கதைப்பதைக் கவனித்துக் கேட்கத் தொடங்கியபோது வேறொன்று பிடிபட்டது. நாம் அந்த வேறுபாட்டைச் சொல்லில் வைக்கவில்லை, சொல்லின் வாலில் வைத்திருக்கிறோம். ‘அவன் எடுத்திருப்பானா என்பது சந்தேகம்.’ ‘அவன் எடுத்திருப்பானோ என்று சந்தேகம்.’ இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் அவன் எடுக்கவில்லை என்ற பக்கம் தராசு சாய்கிறது. இரண்டாவதில் எடுத்துவிட்டான் என்ற பக்கம், அதுவும் ஒரு பதற்றத்தோடு. ஆவன்னாவுக்கும் ஓவன்னாவுக்கும் இடையில் இருக்கிற தூரம்தான் டவுட்டுக்கும் சஸ்பெக்டுக்கும் இடையில் இருக்கிற தூரம். பிள்ளைகளுக்கு இதைச் சொன்ன அன்று ஒரு மூதூர்ப் பிள்ளை, ‘அப்ப எங்களுக்கு இது முதலே தெரியும் ரீச்சர்’ என்றது. தெரியும்தான். நாலு வயதிலிருந்தே தெரியும்.

சொல்லின் வேரையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. லத்தீன் மொழியில் ‘ஸ்பெக்கெரே’ என்றால் பார்த்தல். அதற்கு முன்னால் கீழிருந்து என்று பொருள்படும் ‘சுப்’ சேர்ந்து ‘சுஸ்பிக்கெரே’ ஆனது. கீழிருந்து மேலே பார்ப்பது. நாம் ‘ஏற இறங்கப் பார்த்தான்’ என்கிறோமே, ஏறக்குறைய அதே பார்வை. அந்த லத்தீன் வினைக்கு அண்ணாந்து பார்த்து வியத்தல் என்ற பொருளும் இருந்தது. மரியாதை என்கிற ரெஸ்பெக்டும், பரிசோதனை என்கிற இன்ஸ்பெக்டும், எதிர்பார்ப்பு என்கிற எக்ஸ்பெக்டும் இதே பார்வையின் பிள்ளைகள். ஆக ஆங்கிலத்தில் சந்தேகம் கண்ணில் பிறக்கிறது. நம்முடைய சந்தேகம் அப்படி இல்லை, அது சமஸ்கிருத வழியாக வந்தது. அதன் வேருக்குப் பூசுதல், மெழுகுதல் என்று பொருள். தேகம் என்ற சொல்லுக்கும் அதே வேர்தான். ஒன்றோடொன்று பூசுப்பட்டு எது எதுவென்று தெரியாமல் போன நிலை சந்தேகம். மழையில் நனைந்த கடிதத்தில் மை கரைந்து கிடப்பதுபோல.

என் அம்மம்மா சந்தேகம் என்ற சொல்லைப் பாவித்தே நான் கேட்டதில்லை. அவவுக்கு ஐமிச்சம். ‘அடுப்பை நூத்தனானோ எண்டு ஒரு ஐமிச்சம் பிள்ளை, ஒருக்காப் போய்ப் பார்.’ கோழிக்கூட்டைச் சாத்தினேனோ, சில்லறையை எண்ணி வாங்கினேனோ என்று எல்லாமே அவவின் ஐமிச்சங்கள். அதுவும் எப்போதும் தன்னைப் பற்றித்தான். இன்னொரு ஆளின் மேல் அவவுக்கு ஐமிச்சம் வந்ததாக நினைவில்லை, ஆள்மேல் வந்தால் அது வேறு சொல், சமுசயம். வயதானவர்கள் இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். எழுத்தில் ஐயம் என்று ஒன்று உண்டு, பிச்சை என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதால் ‘ஐயம் இட்டு உண்’ படிக்கிற சின்னப் பிள்ளைகள் சந்தேகத்தை எப்படிச் சாப்பிடுவது என்று கேட்கும். நம் செய்தியாளர்கள் இன்றும் எழுதுகிற ஐயுறவு திருக்குறளிலேயே இருக்கிற சொல். இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாம் எல்லாவற்றையும் சந்தேகம் என்ற ஒரே பெட்டிக்குள் போட்டுவிட்டோம்.

அந்தப் பெட்டியை எங்களுக்குப் பூட்டிக் கொடுத்தது மொழி மட்டுமல்ல. திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு சஸ்பெக்ட் என்ற சொல் பாடப்புத்தகத்தில் அறிமுகமானதல்ல. தொண்ணூறுகளில் ஒரு நாள், விடிய ஐந்து மணி இருக்கும், எங்கள் ஒழுங்கையைப் படையினர் சுற்றிவளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரையும் ஒரு மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய் வரிசையில் விட்டார்கள். நானும் அம்மாவும் இன்னும் பல பெண்களும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஒரு ஜீப்புக்குள் தலையாட்டி, அதாவது தலையை ஆட்டி ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன், இருந்தான். சாக்கை முகத்தில் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. வரிசை அவன் முன்னால் நகரும். தலை ஆடாவிட்டால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். ஆடினால் மற்றப் பக்கம். என் சித்தப்பா முன்னால் வந்தபோது அந்தச் சாக்கு கொஞ்சம் நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அம்மா என் கையைப் பிடித்திருந்த இடத்தில் அவவின் நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது. பிறகு தலை அசையாமல் அடுத்த ஆளிடம் போனது. சித்தப்பா வீட்டுக்கு வந்து, அன்று உடுத்தியிருந்த நீலக் கோட்டுச் சாரத்தைக் கழற்றிக் கிணற்றடியில் போட்டார். அதை அவர் பிறகு உடுத்தவே இல்லை.

இந்தச் சொல் சட்டத்துக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பெரியவளான பிறகு தேடிப் படித்தேன். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம், 9ஆம் பிரிவு. அமைச்சர் ஒருவர் இன்னார் சட்டவிரோத நடவடிக்கையில் தொடர்புள்ளவர் என நம்புவதற்கு அல்லது சந்தேகிப்பதற்குக் காரணம் இருந்தால், அந்த ஆளை மும்மூன்று மாதமாக நீட்டி 18 மாதம் வரை தடுத்துவைக்க உத்தரவிடலாம். 2022இல் வந்த திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது. நம்புவது ஒரு படி, சந்தேகிப்பது அதற்குக் கீழே இன்னொரு படி, கீழ்ப்படியே போதும் என்று சட்டம் சொல்கிறது. அந்த ‘அல்லது’ என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு அன்று நெடுநேரம் இருந்தேன். என் மேலதிகாரி பெயர் இரண்டு தரம் வந்திருக்கும்போல என்று சொல்ல எடுத்த அதே சொல்தான் அதற்குப் பக்கத்தில் நிற்கிறது.

பெயர்ச்சொல்லாக வரும்போது அது ஓர் ஆள். ஒலியும் மாறும்: வினையில் ‘பெக்ட்’ மேல் அழுத்தம், பெயரில் ‘சஸ்’ மேல் அழுத்தம். இலங்கைத் தமிழில் அதற்குச் சந்தேகநபர் என்று ஒரு சொல் செய்து வைத்திருக்கிறோம், எந்தச் செய்தியைத் திறந்தாலும் ‘சந்தேகநபரை விளக்கமறியலில் வைக்குமாறு நீதவான் உத்தரவு’. நல்ல சொல் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அதில் குற்றம் இல்லை, சந்தேகம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் வழக்கு மேலே போய்க் குற்றப்பத்திரம் வந்ததும் நம்முடைய நீதிமன்றத் தமிழில் அதே ஆள் எதிரி ஆகிவிடுகிறார். தீர்ப்பு வருமுன்பே எதிரி! ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இருப்பது குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ற சொல்தான். இதை மாற்ற வேண்டும் என்று யாராவது சட்டத்தரணி எழுதினால் நான் முதல் ஆளாகக் கையெழுத்து வைப்பேன்.

இந்த ஊரில் அந்தச் சொல்லைப் பற்றி எழுதிவிட்டு 2006 ஜனவரி 2ஆம் திகதியைச் சொல்லாமல் போக முடியாது. அன்று மாலை கடற்கரையில், காந்தி சிலைக்குக் கிட்ட, ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்துத்தான் இறந்தார்கள் என்று முதலில் சொல்லப்பட்டது. செத்துக் கிடந்த பிள்ளைகள்தான் முதல் சந்தேகநபர்கள். பிரேத பரிசோதனையில் துப்பாக்கிக் காயங்கள் தெரிந்தன. 2013இல் பாதுகாப்புத் தரப்பைச் சேர்ந்த 13 பேர் சந்தேகநபர்களாகக் கைதானார்கள். 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று நீதிமன்றம் 13 பேரையும் விடுவித்தது. சந்தேகநபர் என்ற பட்டம் ஒருவரிடமும் தங்காமல் போய்விட்டது. ஐந்து பெயர் மட்டும் இருக்கிறது.

கண்ணாடியின் மற்றப் பக்கமும் உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவனுக்குப் போன வருடம் மூன்று நாள் காய்ச்சல். டொக்டர் எழுதிய துண்டில் ‘சஸ்பெக்டட் டெங்கு’ என்று இருந்தது. தாய் ஓடிவந்து, ‘ரீச்சர், டொக்டர் என்னத்தைச் சந்தேகப்படுறார்? நான் மருந்து ஒழுங்காக் குடுக்கேல்லை எண்டோ?’ என்று கேட்டா. இல்லை அக்கா, டெங்குவாக இருக்கலாம்போலத் தெரிகிறது, இரத்தம் பார்த்தால்தான் உறுதி என்று எழுதியிருக்கிறார் என்றேன். இலங்கையில் டெங்கு உறுதியாகும்வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்த உடனேயே சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க வேண்டும். நோயைச் சந்தேகப்படுகிற சந்தேகம் நேரத்தோடு வந்தால் நல்லது. அவன் சுகமாகி வந்துவிட்டான்.

கடைசியாக என் மருமகன், வயது பதினான்கு, எதற்கெடுத்தாலும் ‘சஸ்’ என்கிறான். 2020இல் எமங் அஸ் என்ற விளையாட்டு உலகமெல்லாம் பரவியபோது இந்தச் சின்னத் துண்டும் கூடவே பரவியது. நான் குறுகிப்போன சொல்லைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, ஆனால் அவனை உட்காரவைத்து ஒன்று சொன்னேன். இதே ‘சஸ்’ பிரித்தானியாவில் ஒரு சட்டத்தின் பட்டப்பெயர். 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தில் சந்தேகத்துக்குரிய ஆள் என்று ஒரு வரி இருந்தது. 150 வருடம் கழித்து லண்டன் தெருக்களில் கறுப்பின இளைஞர்களைப் பொலிஸ் மறிப்பதற்கு அந்த வரிதான் கைகொடுத்தது. 1981இல் பிரிக்ஸ்டன் கலவரம் நடந்த அதே வருடம் அது நீக்கப்பட்டது. அவன் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, ‘அப்ப அங்கையும் தலையாட்டி இருந்தவங்களா, மாமி?’ என்றான். சித்தப்பாவின் கதையை யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, பட்டியலுக்கு வருகிறேன். அடுத்த நாள் காலை நானும் அந்த அம்மாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்த்தோம். இரண்டு இடத்தில் ஒரே பெயர் திரும்பி வந்திருந்தது. ஒன்று, நான் இரவு வேலையில் ஒரு வரியை இரண்டு தரம் ஏற்றியது. அவர் நினைத்தது சரி. மற்றது திருக்கடலூர்ப் பக்கம். பெயர் ஒன்று, முதலெழுத்து ஒன்று, வயதில் இரண்டு வருட வித்தியாசம், அடையாள அட்டை இலக்கம் வேறு. நேரில் போய்க் கேட்டேன். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும். இரண்டு வீட்டிலும் தலைமகனுக்கு அப்பப்பாவின் பெயரை வைத்திருக்கிறார்கள், தகப்பன்மார் இருவர் பெயரும் ‘ச’வில் தொடங்குகிறது. இதை ஆங்கிலத்தில் விளக்கியபோது அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெயர் வைக்கிற முறை முழுவதையும் கேட்டு எழுதிக்கொண்டார். பட்டியலில் இரண்டு பெயருக்கும் பக்கத்தில் தகப்பன் பெயரை முழுசாக எழுதினேன். வள்ளம் வந்த அன்று இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள், ஒரே பேனாவை வாங்கி ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்து வைத்தார்கள். மூத்தவருக்கு நீல வள்ளம், இளையவருக்கு வெள்ளை.